யோருக் கம்பளங்களின் கோலங்கள்

துருக்கி நாட்டின் ஆசியப் பெருநிலமாகிய அனத்தோலியாவில் யோருக் என்று பெயர் பெற்ற மேய்ப்பர் குடிகள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. துருக்கி மொழியில் அச்சொல்லுக்கு நடப்பவர் என்பது பொருள். கோடையில் ஆட்டு மந்தைகளோடு மலைமீதுள்ள புல்வெளிகளுக்கு ஏறுவதும், குளிர் காலத்தில் சமவெளிக்கு இறங்குவதும் அவர்கள் வாழ்க்கை முறையாய் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் நெய்த கம்பளங்களும் விரிப்புகளும் சாக்குப் பைகளும் இன்று உலகத்தின் பெரிய பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலுள்ள கோலங்களுக்கு என்ன பொருள் என்று ஆராய்ச்சியாளரும் வணிகரும் நெடுங்காலமாகப் பேசி வருகின்றனர். அப்பேச்சில் எது உறுதி, எது ஊகம், எது வெறும் விற்பனைக் கதை என்பதைப் பிரித்தறியத் தறியின் முன் உட்கார்ந்து பழகியவர்களாகிய நம் அங்கத்தினர்களுக்கு மற்றவர்களைவிடத் தகுதி அதிகம் உண்டு. ஏன் அவ்வாறு சொல்லுகிறோம் என்பது இப்பாடத்தின் நடுவில் விளங்கும்.

முதலில் தறியைப் பார்ப்போம். இடம் விட்டு இடம் செல்லும் குடிக்கு நிலையான தறி உதவாது. ஆகவே பல யோருக் குடும்பங்கள் நிலத்தில் நான்கு முளைகளை அடித்து, இரு மரத்தடிகளை அவற்றில் கட்டி, அவற்றுக்கிடையே பாவு நீட்டி நெய்தன. புறப்படும் நாள் வந்தால் முளைகளைப் பிடுங்கி, நெய்தது பாதியும் நெய்யாதது பாதியுமாகத் தடிகளோடு சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடலாம். இத்தகைய தறியில் அகலமான துணி நெய்வது கடினம். அதனால் பெரிய விரிப்பை இரண்டு ஒடுங்கிய துண்டுகளாக நெய்து நடுவில் தைத்து இணைத்தார்கள். பழைய விரிப்புகளில் அந்தத் தையலின் இருபுறமும் கோலம் சரியாகப் பொருந்தாமல் விரற்கடை அளவு ஏறி இறங்கி நிற்பதைக் காணலாம். இதைக் குறை என்று கொள்வார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. முதல் துண்டின் கோலத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டாவது துண்டை நெய்தாள் ஒருத்தி என்பதற்கு அதுவே சான்று.

நூல் அவர்கள் மந்தையின் கம்பளியே. தக்களியைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்துகொண்டும் ஆடு மேய்த்துக்கொண்டும் பெண்கள் நூற்றார்கள். பாவும் கம்பளி, ஊடையும் கம்பளி. தட்டை நெசவாக நெய்யும் விரிப்புக்குக் கிலிம் என்று பெயர். நம் பவானி ஜமக்காளத்தைப் போலவே இதிலும் ஊடை நெருக்கமாக அடிக்கப்பட்டுப் பாவை முழுவதும் மறைத்துவிடும். ஆனால் ஜமக்காளத்தில் வண்ணம் கரையிலிருந்து கரைக்கு ஓடுகிறது. கிலிமிலோ ஒவ்வொரு வண்ண ஊடையும் தன் கட்டத்துக்குள் மட்டும் சென்று திரும்பிவிடுகிறது. பக்கத்து வண்ணம் பக்கத்து இழையில் திரும்பும். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. ஆகவே இரு வண்ணங்கள் நேர்க்கோட்டில் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் துணியில் ஒரு பிளவு உண்டாகும்.

அந்தப் பிளவு சிறியதாய் இருந்தால் தீங்கில்லை. ஒரு சாண் நீண்டால் துணி கிழியும். இதைத் தடுக்க நெய்பவள் செய்யக்கூடியது யாது? ஓரிரு இழைகளுக்கு ஒருமுறை கோட்டைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அப்போது செங்குத்துக் கோடு படிக்கட்டாக மாறும். சாய்ந்த கோடாக மாறும். அல்லது கோட்டின் ஓரத்தில் சிறு கொக்கிகள் முளைக்கும். யோருக் கிலிம்களில் நிறைந்து காணப்படும் சாய்சதுரங்கள், படிமுனைகள், கொக்கி வரிசைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இவ்வாறு தறியின் தேவையினால் பிறந்தவை. கொக்கியைக் கண்டவுடன் இது பறவையின் அலகு, இது பாம்பின் தலை என்று பொருள் சொல்லத் தொடங்குபவர், துணி கிழியாதிருக்க அது அங்கே இருக்கிறது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கவேண்டும். முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளத்தில் இக்கட்டுப்பாடு இல்லை. அங்கே ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. வளைந்த கோடும் வரலாம். ஆயினும் நூல் பருமனாகவும் முடிச்சு சற்று எட்டியும் இருப்பதால், ஊர்க் கம்பளத்தில் வளைவுகளும் கோணங்களாகவே முடிகின்றன. ஓட்டோமான் அரண்மனைப் பட்டுகளில் இயற்கையாக வளைந்து நின்ற டூலிப் மலர், லாதிக் என்னும் ஊரின் தொழுகைக் கம்பளங்களில் விறைத்த தண்டும் மூன்று கூர் இதழ்களுமாக நிற்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

கோலங்களின் பெயர்கள்

நெய்யும் பெண்கள் ஒவ்வொரு கோலத்தையும் ஒரு பெயரால் அழைக்கிறார்கள். பெயர்கள் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள பொருள்களே. இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி நிற்கும் பெண்ணைப் போன்ற வடிவத்துக்கு எலிபெலிந்தே, அதாவது கை இடுப்பில் என்று பெயர். இரு புறமும் சுருண்ட வடிவம் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஓரங்களில் வளைந்து வளைந்து ஓடும் கரைக்கோலம் நீரோடும் வழி. முக்கோணம் முஸ்கா, நம் வழக்கில் தாயத்து. ஓநாய் வாய், தேள், சீப்பு, கூந்தற்கட்டு, காதணி, மணப்பெண்ணின் பெட்டி ஆகியனவும் உண்டு. பித்ரக் என்று ஒன்று: ஆடு மேயும்போது கம்பளியில் ஒட்டிக்கொள்ளும் முட்காயின் பெயர் அது. அம்முட்காய் கண்ணேறு கழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓநாய் வாயும் தேளும் அவ்வாறே. தீங்கு செய்வதன் உருவத்தை நெய்துவைத்தால் அத்தீங்கு அணுகாது என்று எண்ணினார்கள். மந்தையே செல்வமாகிய குடிக்கு ஓநாயைக் காட்டிலும் பெரிய அச்சம் எது? மணப்பெட்டியும் காதணியும் திருமணத்தை எதிர்நோக்கும் கன்னியின் தறிக்குரியவை என்பர். சீதனமாகச் செல்லும் கம்பளத்தைப் பெண்கள் தம் கையாலேயே நெய்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்க.

இவையெல்லாம் உண்மையான பெயர்களே. எனினும் பெயர் வேறு, பொருள் வேறு. ஒரே வடிவத்தை ஓர் ஊரில் ஆட்டுக்கொம்பு என்பார்கள். மலைக்கு அப்பாலுள்ள ஊரில் அதற்கு வேறு பெயர் வழங்கும். நம் பெண்கள் வாசலில் இடும் கோலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றைத் தாமரை என்றும் ஒன்றைத் தேர் என்றும் சொல்லுகிறோம். அதைக்கொண்டு கோலம் முழுவதும் ஒரு மறைபொருள் எழுத்து என்று அயல்நாட்டார் ஒருவர் நூல் எழுதினால் நாம் என்ன சொல்லுவோம்?

பொருள் ஐயமின்றித் தெரியும் கோலங்களும் உண்டு. தொழுகைக் கம்பளத்தின் ஒரு தலைப்பில் வளைவு மாடம் வரும். பள்ளிவாசலில் மக்காவின் திசையைக் காட்டும் மாடமே அது. சிலவற்றில் அதனுள் விளக்கும், கீழே நீர்ச்செம்பும் வரும். இதில் ஊகத்துக்கு இடமில்லை. இன்னொரு வகை, குடியின் அடையாளம். இதற்கு அனத்தோலியாவைவிட்டு நடு ஆசியாவின் துருக்மேனியரிடம் சென்றால் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைக்கும். அவர்கள் கம்பளங்களில் வரிசை வரிசையாக வரும் எண்கோண வடிவுக்குக் குல் என்று பெயர். தேக்கே குடிக்கு ஒரு குல், யோமுத் குடிக்கு ஒரு குல், சாரிக் குடிக்கு ஒரு குல் என்று வகுத்துச் சொல்லுவார்கள். மோஷ்கோவா என்னும் சோவியத் ஆராய்ச்சியாளர், போரில் தோற்ற குடி தன் குல்லை இழந்து வென்றவரின் குல்லை நெய்ய நேர்ந்தது என்று 1940களில் எழுதினார். பின்வந்தவர் எல்லாரும் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் குல் குடியைக் குறித்தது என்ற அளவில் ஐயம் குறைவு. துருக்மேனிஸ்தான் தனி நாடான பின் 1992-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட கொடியில் ஐந்து குடிகளின் குல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டிருக்கின்றன. கம்பளக் கோலம் நாட்டுக் கொடியில் ஏறியது இவ்வாறு.

தாய்த் தெய்வத்தின் கதை

இனி எலிபெலிந்தே வடிவத்துக்கு வருவோம். அதன் பேரில் எழுந்த வழக்கு நெசவாளர் யாவரும் அறியத்தக்கது. கோன்யா நகருக்குத் தெற்கே சதல்ஹூயூக் என்னும் மேடு இருக்கிறது. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊர் ஒன்றை அங்கே 1961 முதல் 1965 வரை ஜேம்ஸ் மெல்லார்ட் என்னும் தொல்பொருள் அறிஞர் அகழ்ந்து உலகப் புகழ் பெற்றார். அவ்வூர் வீட்டுச் சுவர்களில் ஓவியங்கள் இருந்தது உண்மை. ஆனால் அகழ்வு முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், முன் வெளியிடாத பல சுவர் ஓவியங்களின் வரைபடங்களை அவர் வெளியிடத் தொடங்கினார். 1989-ஆம் ஆண்டு அவரும் வேறு இருவரும் சேர்ந்து நான்கு தொகுதிகளாக ஒரு பெருநூலைக் கொண்டுவந்தனர். அவ்வரைபடங்களில் கிலிம் கோலங்களை ஒத்த வடிவங்கள் நிறைந்திருந்தன. எலிபெலிந்தே என்பது தாய்த் தெய்வத்தின் உருவமே என்றும், அனத்தோலியப் பெண்கள் 9000 ஆண்டுகளாக அதை மறவாமல் நெய்து வருகிறார்கள் என்றும் அதிலிருந்து முடிவு கட்டப்பட்டது.

அழகான கதைதான். கம்பள வணிகர்களுக்கு இதைவிட இனிய செய்தி வேறு இருக்க முடியாது. நூறாண்டு வயதுடைய விரிப்பு, கதையின் பலத்தால் தெய்வ உருவமாகி விலை ஏறிற்று. மூல ஓவியங்களைக் காட்டுக என்று கேட்டவர்களுக்கு, அவை உதிர்ந்து போயின, ஒளிப்படமும் இல்லை என்பதே விடையாயிற்று. அகழ்வில் உடனிருந்தவர்களும் அவற்றைக் கண்டதாகச் சொல்லவில்லை.

அக்காலத்தில் எழுந்த மறுப்புகளில் நமக்கு முக்கியமானது ஒன்று. மார்லா மாலெட் என்னும் அமெரிக்கப் பெண்மணி நெசவு அறிந்தவர். அவர் 1990-ஆம் ஆண்டு நெசவாளியின் பார்வையில் இவ்விஷயத்தை ஆராய்ந்து எழுதினார். ஒரு நெசவு முறையில் எந்தக் கோலம் இயல்பாகப் பிறக்கும், எது எளிதில் பிறவாது என்பதே அவர் வினா. கிலிமின் கோலங்கள் பிளவு நெசவின் கட்டுப்பாடுகளால் சிறிது சிறிதாக உருவானவை. அந்தச் சுவர்ப் படங்களோ நெசவின் வழியே வளர்ந்தவையாகத் தோன்றவில்லை என்று அவர் காட்டினார். தொல்பொருள் பட்டங்கள் தேவைப்படாமல், தறியறிவு ஒன்றைக்கொண்டே ஐயத்தை நிலைநாட்டினார் என்று சொல்லலாம். மெல்லார்ட் 2012-ஆம் ஆண்டு காலமானார். லண்டனில் அவர் குடியிருந்த வீட்டில் எஞ்சிய தாள்களை ஆராய்ந்த எபர்ஹார்ட் சாங்கர் என்பவர், அச்சுவர் ஓவியங்களுக்கு மெல்லார்ட் தாமே வரைந்து பார்த்த ஒத்திகை வரைவுகள் அங்கே இருந்தன என்று 2018-இல் அறிவித்தார். ஓவியங்கள் புனைந்தவை என்பது அவ்வாறு வெளிப்பட்டது.

இதனால் எலிபெலிந்தே பொருளற்றது என்று கொள்ளவேண்டா. பெண்மையையும் மக்கட்பேற்றையும் அது குறிக்கிறது என்று இன்றும் பல ஊர்களில் சொல்லுகிறார்கள். அச்சொல் அவர்களுடையது, மதிக்கத்தக்கது. வெளியிலிருந்து பொருத்திய 9000 ஆண்டு வயதுதான் நில்லாது. கம்பள நெசவின் பழமைக்குப் பொய்ச்சான்று தேவையும் இல்லை. சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்துக் கல்லறையிலிருந்து 1949-ஆம் ஆண்டு ருதென்கோ என்னும் ருஷ்ய அறிஞர் எடுத்த முடிச்சுக் கம்பளம் 2000 ஆண்டுகளுக்கு மேல் பனிக்கட்டியில் கெடாமல் கிடந்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரமான அதில், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 3600 முடிச்சுகள் உள்ளன. குதிரை வீரரும் கலைமான்களும் அதன் கரைகளில் வரிசையாகச் செல்கின்றனர்.

சாயம்

கோலத்தைப் பற்றிப் பேசுவோர் சாயத்தை மறந்துவிடுகிறார்கள். யோருக் கம்பளத்தின் மதிப்பில் பாதி சிவப்பில் இருக்கிறது. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரை உலர்த்தி இடித்து, படிகாரம் ஏற்றிய கம்பளியை அதில் தோய்ப்பார்கள். வேரின் வயதுக்கும் நீருக்கும் சூட்டுக்கும் ஏற்பச் செங்கல் நிறம் முதல் கருஞ்சிவப்பு வரை கிடைக்கும். சிவப்பைத் தரும் பொருளுக்கு அலிசரின் என்று பெயர். நம் சோழமண்டலக் கரையில் பழைய சாயக்காரர்கள் பருத்திக்கு ஏற்றிய சாயவேரிலும் அலிசரினே உண்டு. செடி வேறு, சாயம் உறவு. நீலம் அவுரி. மஞ்சள் பலவகைக் காட்டுப் பூக்களிலிருந்து. மஞ்சளின்மேல் அவுரி ஏற்றினால் பச்சை. கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்புச் சத்துச் சேர்ப்பார்கள். இரும்பு நாளடைவில் கம்பளியை அரிக்கும். ஆகவே பழைய கம்பளத்தைக் கையால் தடவினால், கறுத்த கோடுகள் மட்டும் பள்ளமாகவும் மற்ற வண்ணங்கள் மேடாகவும் தோன்றும்.

1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868-இல் ஜெர்மன் வேதியியலார் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினையே தாரிலிருந்து கிடைத்த பொருளைக்கொண்டு ஆக்கினர். அதுவரை ஐரோப்பாவுக்கு மூட்டை மூட்டையாக வேர் ஏற்றுமதி செய்துவந்த அனத்தோலிய விவசாயிகளின் சந்தை சில ஆண்டுகளில் அழிந்தது. வேரைப் பயிர் செய்தவன் கைவிட்டான்; தோய்ப்பவளும் கடைப் பொட்டலத்துக்கு மாறினாள். பொட்டலச் சாயம் மலிவு, வேலையும் குறைவு. ஆனால் தொடக்க காலச் சாயங்களுள் பல நீர் பட்டால் பக்கத்து வெள்ளையில் பரவின, வெயில் பட்டால் வெளுத்தன. ஊதா நிறம் சாம்பலாயிற்று. இரண்டு தலைமுறைக்குள் சாய முறைகள் பெரும்பாலான ஊர்களில் மறந்தே போயின.

அங்கத்தினர்களுக்கு இங்கே ஒரு செய்முறைக் குறிப்பு. பழைய கம்பளம் கையில் கிடைத்தால் முடிச்சுகளின் நுனியை விலக்கி அடியைப் பார்க்க வேண்டும். அடியில் அழுத்தமான நிறமும் நுனியில் அறவே வேறு நிறமும் இருந்தால் அது வெளுக்கும் சாயம். மறைவான ஒரு மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்தால் ஒழுகும் சாயம் தெரியும். ஆனால் இவ்விரு சோதனையிலும் தேறியது வேர்ச்சாயந்தான் என்று முடிவு செய்துவிடக்கூடாது. பிற்காலத்து உறுதியான ஆலைச் சாயங்களும் இவற்றில் தேறிவிடும். அதற்குமேல் அறிய வேதியியல் கூடமே வேண்டும்.

சாயம் மாறிய அதே காலத்தில் முதலாளிகளும் வந்தார்கள். ஸ்மிர்னா எனப்பட்ட இஸ்மிர் துறைமுகத்து ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் சில 1908-ஆம் ஆண்டு வாக்கில் ஒன்றாக இணைந்து பெரிய கம்பளக் கம்பெனியை அமைத்தன. நூலும் சாயமும் கோலம் வரைந்த தாளும் கொடுத்து, கூலிக்கு நெய்வித்தனர். கோலம் வாங்குவோர் நாட்டின் விருப்பத்துக்கேற்ப வரையப்பட்டது. உஷாக் நகரில் நூற்பு ஆலைகள் வந்தபோது, கைநூற்புக் கூலியை இழந்த பெண்கள் திரண்டு சென்று ஆலைகளைத் தாக்கினர். அதுவரை தாய் கற்பித்த கோலத்தை நெய்தவள், அதன்பின் தாளைப் பார்த்து நெய்தாள். கோலத்தின் பொருள் அழிந்த இடம் இதுவே என்பது நம் கருத்து.

அய்வாஜிக் சங்கம்

ஹரால்ட் போமர் என்னும் ஜெர்மானியர் இஸ்தான்புல்லில் வேதியியல் கற்பித்தவர். அவர் பழைய கம்பளங்களிலிருந்து சிறு இழைகளை எடுத்துச் சோதித்து, எந்தச் செடி எந்த நிறத்தைத் தந்தது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். அச்செடிகளுட் பல நெசவூர்களின் வயல் ஓரங்களிலேயே களையாக முளைத்துக் கிடந்தன. அவற்றின் பயன்தான் மறந்துபோயிருந்தது. 1981-ஆம் ஆண்டு, இயற்கைச் சாய ஆராய்ச்சியும் வளர்ச்சியும் என்ற பொருள்படும் டோபாக் திட்டம் தொடங்கிற்று. மர்மரா பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. சானக்கலே மாகாணத்து அய்வாஜிக் வட்டாரத்தில் முதலிலும், மனிசா மாகாணத்து யுந்த்தாக் மலையூர்களில் பிறகும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. யுந்த்தாக்கில் சங்க உறுப்பினர் பெண்களே. நாடோடிக் குடிகளிடையே பல ஆண்டுகள் சுற்றி அவர்கள் நெசவுகளைத் திரட்டிய ஜோசபின் பவல் என்னும் அமெரிக்கப் பெண்மணி அங்கே அவர்களுக்கு உறுதுணையாக இருந்தார்.

சங்கத்தின் விதிகள் சிலவே. கம்பளி கையால் நூற்றதாக இருக்கவேண்டும். சாயம் திட்டத்தில் கற்பித்த இயற்கைச் சாயமாக இருக்கவேண்டும். கோலத்துக்குத் தாள் கொடுக்கப்படமாட்டாது. கடைசி விதியைக் கவனிக்க. நெய்பவள் தன் வீட்டில் உள்ள பழைய கம்பளத்தையோ, ஊர்ப் பள்ளிவாசலில் முன்னோர் காணிக்கையாக விரித்துவைத்ததையோ, தன் மனத்தில் உள்ளதையோ பார்த்து நெய்யலாம். கரை இன்னது, நடு இன்னது என்று ஊர் மரபு சொல்லும். அதற்குள் வண்ணத்தை மாற்றுவதும் வடிவத்தைக் கூட்டுவதும் அவள் விருப்பம். ஆகவே ஒரே பெண் நெய்த இரண்டு கம்பளங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. முடிந்த கம்பளத்தைச் சோதித்தபின், விவரம் பொறித்த தோல் சீட்டு ஒன்றைப் பின்புறத்தில் கட்டி ஈய முத்திரை இட்டார்கள். வாங்குவோன் தாய்த் தெய்வத்தின் கதையை நம்பி அன்று, சாயத்துக்குப் பொறுப்பேற்ற சங்கத்தின் முத்திரையை நம்பிப் பணம் கொடுத்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவை நல்ல விலைக்குச் சென்றன.

சில கம்பளங்களின் ஓரத்தில் கோலத்தோடு கோலமாக இரண்டு எழுத்துகள் நெய்யப்பட்டிருக்கும். அவை நெய்தவளின் பெயரின் முதலெழுத்துகள்.